கோல்ஃப் ஆட வருவோர் கவனத்துக்கு

காசிக்குப் போய் வந்ததைப் பற்றிப் பங்களா அண்ணாச்சியிடம் ஒரு தடவை கேட்டேன். "கங்கை எப்படி இருந்தது அண்ணாச்சி?" என்றேன்.

"படி வழுக்கும். செருப்பக் கையில எடுத்துக்கிடணும்" என்றார்.

வேறு ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். "ஆறு மணிக்கு மேல போனா கூட்டம். அஞ்சுக்கே போயிரணும்" என்றார். அவர் பார்த்த காசி அவ்வளவுதான்.

நாட்டில் பாதியைச் சுற்றி வந்த மனுஷர். எந்த ஊரில் வண்டி மாற வேண்டும், எந்த ஊர்ச் சத்திரத்தில் மூட்டைப்பூச்சி இல்லை, எங்கே இட்லி புளிக்காது, எல்லாம் விரல் நுனியில் இருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் மட்டும் சங்கடப்படுவார். அது தன் இலாகா இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்.

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு சின்ன அறையில் நான் டைப் அடித்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். மனு, பத்திரம், விண்ணப்பம், எது வந்தாலும் அடிப்பேன். அவர் குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்குப் பங்களா பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட். 'பங்களா அண்ணாச்சி' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒல்லியான உடம்பு, கதர் ஜிப்பா, பாக்கெட்டில் ரயில்வே கால அட்டவணை, மழையானாலும் வெயிலானாலும் கையில் குடை. அவருடைய இங்கிலீஷ் கடிதங்கள் என் மெஷினில்தான் பிறந்தன.

ஊரில் ஒருவர் அவரிடம் யோசனை கேட்காமல் பஸ் ஏறிவிட முடியாது. கேட்காவிட்டாலும் சொல்வார். ஒருநாள் காலை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் அழுதுகொண்டு வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். அப்பா இறந்துவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. இவர் ஜன்னல் பக்கம் போய் அவர் தோளைத் தட்டி, "வருத்தப்படாதயும். எடது பக்கமா உக்காரும். வலது பக்கம் முழுக்க வெயிலடிக்கும்" என்றார். அந்த மனிதர் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து இடது பக்கம் மாறி உட்கார்ந்தார். பிறகு மறுபடியும் அழ ஆரம்பித்தார்.

அச்சன்புதூரில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் யோசனை கிடைத்தது. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த வாய்க்கால் பாலத்தில் வண்டி குலுங்கும், எந்த இடத்தில் சட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லாம் சொன்னார். பெண் எப்படி என்று திரும்பி வந்தபோது கேட்கவே இல்லை. "வண்டி குலுங்கிச்சா?" என்றுதான் கேட்டார். குலுங்கியது என்றதும் அப்படி ஒரு சந்தோஷம்.

அவருடைய இந்தக் குணத்தை வேடிக்கை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நினைப்பைக் கெடுத்தது கோல்ஃப்.

ஒரு சீசனில் சென்னைக் கம்பெனி ஒன்றின் மேனேஜர் குற்றாலத்துக்கு வந்திருந்தார். அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே, "இங்கே எல்லாம் இருக்கிறது. கோல்ஃப் மட்டும் இருந்தால் அடுத்த வருஷம் நண்பர்களையும் கூட்டி வருவேன்" என்றாராம். பக்கத்தில் குடையோடு நின்ற அண்ணாச்சி உடனே, "இருக்கு சார்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் என் அறைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, கோல்ஃப்னா என்னது?"

"பந்து விளையாட்டு அண்ணாச்சி."

"அது தெரியும். எத்தன பேரு, எவ்வளவு எடம் வேணும்?"

எனக்கும் தெரியாது. வாசகசாலையில் இருந்த ஒரு பெரிய ஆங்கிலக் களஞ்சியத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன். புல்தரை வேண்டும். நடுநடுவே குழி வெட்டிக் கொடி நட வேண்டும். குச்சியால் பந்தை அடித்து அடித்துக் குழியில் கொண்டுபோய் விட வேண்டும். இடையில் மணல்மேடு, தண்ணீர் என்று தடைகள் இருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நம்ம மேலக்குளம் சித்திரை வைகாசில காஞ்சு புல்லு மொளச்சிக் கெடக்குமே, அது போதுமா?"

"குளத்துக்குள்ளயா?"

"குளம்னு நீரு எழுதப் போறீரா? புல்வெளின்னு போடும்."

அன்று அவர் சொல்லச் சொல்ல நான் அடித்த கடிதத்தை இன்றைக்கும் ஒருவர் கையில் கொடுத்தால் பயன்படும். ஆனி மாதம் சாரல் பிடித்த முதல் வாரத்தில் வர வேண்டும், அதற்கு முன்னால் வெக்கை, அதற்குப் பின்னால் பங்களா கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமையை நடுவில் வைத்துக்கொள்ளக் கூடாது, அன்றைக்கு அருவியில் தலையை நீட்டக்கூட இடம் இருக்காது. எழும்பூரில் சாயங்கால வண்டி ஏறினால் மறுநாள் தென்காசி. கோல்ஃப் குச்சிகளைப் படுக்கையோடு சேர்த்துச் சுருட்டிவிட்டால் தனிச் சுமை ஆகாது. ஷூ இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று காய்வதற்குள் மற்றது. பந்து எத்தனை தேவையோ அதில் இரண்டு பங்கு கொண்டு வரவும், குரங்கு உண்டு. காலையில் பத்து மணிக்குள் ஆடி முடித்துவிட்டு அதற்குப் பிறகுதான் எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போக வேண்டும். முதலில் அருவிக்குப் போனால் கை தளர்ந்துவிடும், பந்து நேராகப் போகாது.

ஒரு குறிப்பும் தப்பில்லை. கோல்ஃப் மைதானம் ஒன்றுதான் இல்லை.

கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. மேனேஜரையும் சேர்த்து மூன்று ஆபீசர்கள், ஒருவருடைய மனைவி, ஆக நான்கு பேர் மறு வருஷம் ஆனியில் வருவதாக எழுதியிருந்தார்கள். அண்ணாச்சி ஆள் வைத்துக் குளத்துக்குள் முள்ளை வெட்டினார். ஒன்பது இடத்தில் மண்கலயத்தைக் கழுத்து வரை புதைத்தார். மூங்கில் கம்பில் சிவப்புத் துணி கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கோயில் கொடைக்கு ஏற்பாடு நடப்பது போல இருந்தது.

இடைஞ்சல் ஒன்றுதான் இருந்தது. சாரல் பிடித்தால் சிற்றாற்றில் தண்ணீர் வரும். ஆற்றிலிருந்து ஒரு கால்வாய் வழியாக அந்தத் தண்ணீர் மேலக்குளத்துக்குப் பாயும். அதை நம்பித்தான் கீழே இருக்கிற வயல்காரர்கள் கார் நெல்லுக்கு நாற்றுப் பாவியிருப்பார்கள். சாரலும் வேண்டும், குளமும் காய்ந்து கிடக்க வேண்டும் என்றால் ஒரு வழிதான் உண்டு. கால்வாய்த் தலைப்பில் பலகை போட்டு அடைத்துவிட வேண்டும். அந்தப் பலகையைப் போடவும் எடுக்கவும் ஊர் வைத்திருந்த ஆள் ஒருவர் இருந்தார். மடைக்காரர் என்போம். நாற்பது வயதிருக்கும். வாயில்லாத மனிதர்.

பலகையை எடுக்காமல் நான்கு நாள் பொறுக்கும்படி அண்ணாச்சி அவரிடம் கேட்டார். அதற்குப் பதிலாக என்ன கொடுத்தார் என்பதை நான் அறிவேன், ஏனென்றால் அதையும் நான்தான் எழுதினேன். மடைக்காரரின் மனைவிக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. திருச்செந்தூர் போய் வர எல்லா ஏற்பாடும் செய்து தருவதாக அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஏற்பாடு என்பது ஒரு தாள். எந்த வண்டி, எங்கே மாற வேண்டும், எந்தப் பக்கம் குளித்தால் அலை இழுக்காது, எந்தக் கடையில் சாப்பாடு என்று பதினோரு குறிப்புகள். மடைக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி நாலாக மடித்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார்.

விருந்தாளிகள் வந்தார்கள். தென்காசி ஸ்டேஷனில் அவர்களை இறக்கியபோதே அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. குச்சிகளைப் படுக்கையோடு சுருட்டிக் கொண்டு வந்திருந்தார்கள்.

இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார். முதல் நாள் காலை நான்கு வயல்வேலை ஆட்கள் கோல்ஃப் பைகளை நெல்லுக்கட்டு மாதிரி தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் போக, துரைமார் பின்னால் போனார்கள். அம்மாள் குடை பிடித்துக்கொண்டு வந்தார். கலயத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சாணத்தில் பந்து விழுந்ததும் இன்னும் சிரித்தார்கள். ஒருவர் சுற்றிலும் இருந்த குளக்கரையைக் காட்டி, "இவ்வளவு பெரிய சுவரை யார் கட்டினார்கள்?" என்று கேட்டார். "பழைய காலத்து ராஜா" என்றார் அண்ணாச்சி. அதுவும் பொய்யாக இருக்க முடியாது.

மேலே மலையில் மேகம் இறங்கி நின்றது. அருவி இரைகிற சத்தம் ஊருக்கே கேட்டது. கீழே வயல்காரர்கள் கால்வாயைப் பார்த்துப் பார்த்து நின்றார்கள். மடைக்காரரைக் கேட்டால் கரையில் ஒரு இடத்தில் உடைப்பு என்றும், அடைத்துவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும் என்றும் சொன்னாராம். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாததால் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் வயல்காரர்கள் கால்வாய்த் தலைப்புக்கே நேராகப் போய்விட்டார்கள். ஆறு நிறையத் தண்ணீர் போகிறது, பலகை நின்றபடி இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள்.

அப்போது நாங்கள் ஐந்தாவது கலயத்தின் பக்கத்தில் இருந்தோம். மேனேஜர் குனிந்து குறி பார்த்துக்கொண்டிருந்தார். சருகையும் குச்சியையும் தள்ளிக்கொண்டு, நுரை கட்டி, விரல் கனத்துக்கு ஒரு தண்ணீர் புல்லுக்குள்ளே ஊர்ந்து வந்தது. அதற்கு முன்னால் தவளைகள் குதித்து வந்தன. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஷூ நனைந்துவிட்டது.

"இது என்ன?" என்றார்.

அண்ணாச்சி ஒரு விநாடி கூடத் தாமதிக்கவில்லை.

"வாட்டர், சார். தடை. எல்லாக் கிரவுண்டுலயும் உண்டு. மூணாம் நாளுக்கு ஏற்பாடு."

மேனேஜர் அவரையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். முழங்கால் தண்ணீரில் எல்லோரும் கரையேறினோம். அம்மாளின் செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. அவர்களுக்குக் கோபமே இல்லை. சென்னைக்குப் போய்ப் பத்து வருஷம் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்துவிட்டது.

கோபப்பட வேண்டியவர்கள் கரைமேல் நின்றார்கள். ஐம்பது பேர் இருக்கும். நடுவில் மடைக்காரரைப் பிடித்து வைத்திருந்தார்கள். கடைமடை நாற்றங்கால் எல்லாம் வெளுத்துப் போயிருந்தது. ஒருவர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். மடைக்காரர் அறைந்தவரைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தார்.

அண்ணாச்சி அவர்களிடம் என்ன சொல்லித் தப்பப் போகிறார் என்று நான் பயந்தேன். பயம் வீண். பேண்ட் போட்டவர்களோடு நின்ற ஆளை யாரும் தொடவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர் அவரை ஓரமாக அழைத்துப் போனார். என்னமோ நடக்கப் போகிறது என்று நானும் கிட்டே போனேன். மதுரைக்குக் கண் வைத்தியத்துக்குப் போக எந்த வண்டி வசதி என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பாக்கெட்டிலிருந்து கால அட்டவணையை எடுத்தார்.

அன்று சாயங்காலமே ஊர் கூடி மடைக்காரரை வேலையை விட்டு நீக்கியது. தண்டிக்க வேண்டியவர் இன்னொருவர் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான்தானே புல்வெளி என்று அடித்தவன்.

பத்து நாள் கழித்து மடைக்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார். மனு எழுத வேண்டும் என்றார். திருநெல்வேலியில் ஒரு மேலதிகாரி இருக்கிறார், அவர் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எதுக்குத் தண்ணிய நிறுத்தினேன்னு எழுதணுமே, என்ன எழுத?" என்று கேட்டேன்.

"நடந்தத எழுதுங்க."

"கோல்ஃப்னு எழுதணும்."

"அது என்ன வெளையாட்டுங்க?"

சொன்னேன். குச்சி, பந்து, குழி. அவர் பொறுமையாகக் கேட்டார். "மேட்டுல குழி தோண்டுனா ஆகாதா?" என்றார். மெஷினைப் பார்த்துக்கொண்டு அடித்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி உள்ளே வந்தார். எனக்கு உள்ளூர ஒரு ஆசை, இப்போதாவது தலை குனிவார் என்று. அவர் மனுவை எடுத்து வாசித்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு மடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"இந்தா பாரு. மொத பஸ்ல போகாத, அது சந்துசந்தா நிக்கும். ரெண்டாவதுல போ. ஆலங்குளத்துல காப்பி குடிச்சிராத, வழியில இறங்க முடியாது. ஆத்துப் பாலத்துக்கு முந்தியே எறங்கிரு. மனுவ மடிக்காத, சுருட்டி வச்சுக்க. ஆபீசுக்குள்ள போகும்போது துண்டக் கையில பிடிச்சுக்க."

மடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "ரொம்ப உபகாரம் அண்ணாச்சி" என்றார். நான் கோபத்தில் ரிப்பனைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

போனவர் மறுநாள் இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார். அதிகாரி அங்கே இல்லையாம். சீசனுக்குக் குற்றாலத்தில் முகாமாம். விசாரித்தேன். அண்ணாச்சி பிடித்துக் கொடுத்த பங்களாவில், ஒரு வாரமாக.

அன்றைக்குத்தான் நான் அவரிடம் குரலை உயர்த்தினேன். "உமக்குத் தெரியாதா அண்ணாச்சி? நாலு மைல்ல இருக்கிற ஆளப் பாக்க அவன முப்பது மைல் அனுப்பிச்சீரே."

அவருக்கு நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்பதே புரியவில்லை. "திருநெல்வேலிக்கு எப்படிப் போகன்னுதான தம்பி அவன் நின்னான்? நான் சொன்னதுல என்ன பெசகு? பஸ்ஸு சவுகரியமா இருந்துச்சான்னு கேளும்" என்றார்.

கேட்டேன். சௌகரியமாகத்தான் இருந்ததாம்.

நானே மடைக்காரரைச் சைக்கிளில் வைத்துக் குற்றாலத்துக்கு மிதித்தேன். பங்களா வாசலில் அண்ணாச்சி நின்றார். "இப்பம் போகாதயும். எண்ண தேக்க உக்காரட்டும், அப்பதான் மனசு எளகும்" என்றார். வேண்டா வெறுப்பாகக் காத்திருந்தேன். அரை மணி கழித்துக் கையை அசைத்தார். அதிகாரி முற்றத்தில் துண்டோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆள் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் எண்ணெய் என்பதால் மனுவை வாங்க முடியவில்லை. என்னை வாசிக்கச் சொன்னார்.

வாசித்து முடித்ததும், "ஏன்யா நிறுத்தினே?" என்று மடைக்காரரைக் கேட்டார்.

"அண்ணாச்சி சொன்னாவ."

"அவர் என்ன உனக்கு அதிகாரியா?"

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரிக்குக் கடலப் பாக்கணும்னு ஆச."

எண்ணெய் தேய்த்த ஆளின் கை நின்றது. அதிகாரி, "தாசில்தாரிடம் சொல்லிவிடுகிறேன், போய் வேலையைப் பார்" என்றார். மடைக்காரர் கும்பிட்டார். எனக்கும் கண் கலங்கியது. அப்படியே திரும்பி வந்திருந்தால் எனக்கு மனிதர்கள் மேல் நல்ல அபிப்பிராயம் மிஞ்சியிருக்கும். அதிகாரி அண்ணாச்சியைப் பார்த்துக் கேட்டார்.

"இங்கே கோல்ஃப் கிரவுண்ட் இருக்கிறதா என்ன?"

"இருக்கு சார்."

"அடுத்த சீசனுக்கு ஒரு நாலு நாள் ஆடலாமா?"

"தாராளமா. மடை நம்ம ஆளு கையிலதானே இருக்கு" என்றார் அண்ணாச்சி, மடைக்காரர் தோளில் கையை வைத்து.

மடைக்காரர் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்த வருஷம் மாசியில் அவரும் மனைவியும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து திருச்செந்தூர் போய் வந்தார்கள். கடல் எப்படி என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். "முடியவே இல்ல தம்பி, போய்க்கிட்டே இருக்கு" என்றாள்.

அடுத்த ஆனியில் அதிகாரி வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மலையில் சாரல் பிடித்தது. ஆற்றில் முதல் தண்ணீர் வந்த அன்றே மடைக்காரர் பலகையை எடுத்துவிட்டார். எடுத்ததோடு விடவில்லை, பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். மேலக்குளம் நான்கே நாளில் கழுத்து மட்டத்துக்கு நிரம்பியது. சிவப்புக் கொடி ஒன்றின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

அண்ணாச்சி என் அறைக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே நான் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் இருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குடையை மடக்கினார்.

"அதிகாரிக்கு ஒரு லெட்டர் அடியும்" என்றார். "இந்த வருஷம் போட்டிங்னு போடும். காலைல காத்து கம்மி, பத்து மணிக்குள்ள முடிச்சிரணும். ஷூ வேண்டாம்."

அடித்தேன். தாளை உருவப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீந்தத் தெரிஞ்சவங்களா வந்தா நல்லதுன்னு கடைசில ஒரு வரி சேரும்."

சேர்த்தேன்.